அழுத்த சென்சாரில் வெப்பநிலைப் பிழை: அளந்து, பிரித்து, திருத்தும் முறை

காலையில் சரியாகக் காட்டிய அழுத்த டிரான்ஸ்மிட்டர் (சென்சார் அளந்த அழுத்தத்தை மின்னோட்டமாக அனுப்பும் கருவி) மதியத்தில் 0.04 பார் கூட்டிக் காட்டுகிறது. உடனே ஜீரோ திருகைத் திருப்பிச் சரிசெய்கிறார்கள். இரவில் அதே டிரான்ஸ்மிட்டர் குறைத்துக் காட்டுகிறது, மறுபடி திருகுகிறார்கள். இப்படிப் பத்து நாள் போனால் உண்மையான ஜீரோ எது என்று யாருக்கும் தெரியாது.

வெப்பநிலைப் பிழையைத் திருகால் தீர்க்க முடியாது. அதற்குள் இரண்டு தனித்தனிப் பிழைகள் இருக்கின்றன. அழுத்தமே இல்லாதபோதும் ரீடிங் நகர்வது ஜீரோ பிழை. அழுத்தம் ஏற ஏற ரீடிங் ஏறும் வேகம் மாறுவது ஸ்பான் பிழை. இரண்டையும் தனித்தனியே அளந்தால்தான் திருத்த முடியும்.

கீழே உள்ள படிகளுக்கு 0–10 பார் அளவுள்ள, 4–20 மில்லி ஆம்ப் தரும் (0 பாரில் 4, 10 பாரில் 20), சிலிக்கான் பீசோரெசிஸ்டிவ் வகை (அழுத்தத்தில் மின்தடை மாறும் சிப் உள்ள) கேஜ் டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேஜ் என்றால் வெளிக்காற்றின் அழுத்தத்தை 0 என்று வைத்து அளப்பது. சின்ன போர்டுகளில் வரும் டிஜிட்டல் சென்சார்களுக்கு மாறுபடுவதை 10-ஆம் பகுதியில் பார்க்கலாம்.

1. முதலில், இது சென்சார் பிழைதானா என்று உறுதிசெய்யுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். வெப்பநிலை மாறும்போது அழுத்தமே உண்மையில் மாறியிருக்கலாம். அதைச் சென்சாரின் பிழை என்று எண்ணித் திருத்தினால், சரியாக வேலை செய்யும் கருவியைக் கெடுத்ததாகிவிடும்.

இரண்டு வால்வுகளுக்கு நடுவே காற்று அடைபட்டிருந்தால், அதன் முழு அழுத்தம் (வெற்றிடத்தை 0 என்று வைத்துக் கணக்கிட்டது) கெல்வின் வெப்பநிலையோடு சேர்ந்து ஏறும். 25 டிகிரியில் 5 பார் கேஜ் இருந்த காற்று 45 டிகிரிக்குப் போனால் சுமார் 5.4 பார் ஆகும். சென்சார் சரியாகத்தான் சொல்கிறது.

தண்ணீர் நிரம்பி இரண்டு பக்கமும் மூடிய குழாயில் நிலைமை இன்னும் மோசம். தண்ணீர் விரிய இடமில்லாததால், இரும்புக் குழாயில் ஒரு டிகிரி ஏறினாலே கோட்பாட்டளவில் 4 முதல் 5 பார் வரை ஏறலாம். உள்ளே கொஞ்சம் காற்றுக் குமிழி இருந்தால் அவ்வளவு ஏறாது. வெயிலில் கிடக்கும் மூடிய லைனில் ரீடிங் திடீரென்று ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சென்சாரின் டயாஃப்ரம் (அழுத்தம் படும் மெல்லிய தகடு) கிழிவதும் பல இடங்களில் இதனால்தான்.

தொட்டியின் அடியில் வைத்து நீர்மட்டம் அளப்பவர்களுக்கு வேறொரு கணக்கு. 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் தண்ணீர் 998.2 கிலோ, 40 டிகிரியில் 992.2 கிலோ. மூன்று மீட்டர் உயரத்துக்கு இந்த வேறுபாடு சுமார் 18 மில்லிமீட்டர் மட்டத்துக்குச் சமம்.

இன்னொன்று, மூச்சுத் துளை. கேஜ் வகைச் சென்சாரின் டயாஃப்ரத்துக்குப் பின்பக்கம் வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்க வேண்டும். பெயின்ட், டேப், சிலிகான் பசை, தூசு எதனாலோ அந்தத் துளை அடைபட்டால் பின்னால் உள்ள காற்று சூடாகி டயாஃப்ரத்தை எதிர்ப்பக்கம் தள்ளும். நீரில் மூழ்கும் மட்டச் சென்சாரில் கேபிளுக்குள்ளேயே மூச்சுக் குழாய் வருகிறது. அதன் முனையைக் காற்றுப் புகாத ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து, கிளாண்டையும் (கேபிள் நுழையும் வாயின் பிடிப்பு) இறுக்கி அடைத்துவிட்டால், பாக்ஸ் 25-லிருந்து 45 டிகிரிக்குச் சூடாகும்போது உள்ளே சுமார் 68 மில்லிபார் ஏறும். நீர்மட்டம் கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர் குறைவாகத் தெரியும்.

பிழை போகும் திசையும் ஒரு துப்பு. அளக்கும் பக்கத்தில் ஏதாவது அடைபட்டிருந்தால் சூட்டில் ரீடிங் ஏறும். பின்பக்கம் அடைபட்டிருந்தால் இறங்கும்.

பிரித்தறிய எளிய சோதனை: டிரான்ஸ்மிட்டரைப் பொருத்திய இடத்திலேயே வைத்து, லைன் வால்வை மூடி, வென்ட் வால்வைத் திறந்து, அளக்கும் பக்கத்தை வெளிக்காற்றுக்கு விடுங்கள். விடியற்காலையில் ஒரு முறை, உச்சிவெயிலில் ஒரு முறை ரீடிங் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஜீரோ நகரவில்லை. மேலே சொன்ன காரணங்களைத் தேடுங்கள். வேறுபட்டால் மூச்சுத் துளையைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். அதன் பிறகும் வேறுபட்டால் அடுத்த படிக்குப் போகலாம்.

வெற்றிடத்தை 0 என்று வைத்து அளக்கும் அப்சல்யூட் வகைச் சென்சாரில் இந்தச் சோதனையைச் செய்தால் ஜீரோ வராது, வளிமண்டல அழுத்தம் வரும். கடல்மட்டத்தில் அது சுமார் 1.01 பார். ஒப்பிட ஒரு பாரோமீட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

2. டேட்டா ஷீட்டில் எந்த வரியைப் படிப்பது

முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் "துல்லியம் ±0.25%" என்பது பெரும்பாலும் அறை வெப்பநிலைக்கு மட்டுமே உரியது. வெப்பநிலைப் பிழை அதோடு தனியாகச் சேரும்.

நான்கு வெப்பநிலை வரம்புகள் கொடுத்திருப்பார்கள்: ஈடுசெய்யப்பட்ட வரம்பு, இயங்கும் வரம்பு, அளக்கும் பொருளின் வரம்பு, சேமிப்பு வரம்பு. உங்களுக்கு முக்கியம் முதலாவது. இயங்கும் வரம்பு −40 முதல் 85 வரை என்றிருக்கும்; ஈடுசெய்யப்பட்ட வரம்பு 0 முதல் 70 வரைதான் இருக்கும். 70-க்கு மேல் சென்சார் வேலை செய்யும், ஆனால் எவ்வளவு பிழை வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எம்பிஎக்ஸ்5010 சென்சாரில் இதை வெளிப்படையாகவே போட்டிருக்கிறார்கள்: 0 முதல் 85 டிகிரி வரை பிழை ±5%, 125 டிகிரியிலும் −40 டிகிரியிலும் அதை மூன்றால் பெருக்க வேண்டும்.

அடுத்து அலகு. சிலர் "ஒரு டிகிரிக்கு" என்று தருவார்கள், சிலர் "10 டிகிரிக்கு" என்று. இதைக் கவனிக்காமல் பத்து மடங்கு தவறாகக் கணக்குப் போடுவது சர்வசாதாரணம். ஜீரோ, ஸ்பான் ஒவ்வொன்றுக்கும் 10 டிகிரிக்கு 0.2% என்று இருந்தால், 25-லிருந்து 65 டிகிரிக்கு ஒவ்வொன்றும் 0.8% வரை போகலாம். அறைவெப்பப் பிழை 0.25%-ஐயும் நேராகக் கூட்டினால் 1.85%; வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் சுமார் 1.16%. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடத்தில் நேர்க்கூட்டலையே வைத்துக்கொள்வது நல்லது.

இந்தச் சதவீதம் ஃபுல் ஸ்கேலுக்கு (சென்சாரின் முழு அளவுக்கு) உரியது என்பதையும் மறக்கக் கூடாது. 10 பார் டிரான்ஸ்மிட்டரை "எதற்கும் இருக்கட்டும்" என்று வாங்கி 1 பார் லைனில் போட்டால், 0.4% ஜீரோ நகர்வு 40 மில்லிபார். அந்த லைனுக்கு அது 4%. வெப்பநிலைப் பிழையைக் குறைக்க மிக மலிவான வழி, சரியான அளவுள்ள சென்சாரை வாங்குவது.

3. தேவையானவை

• சூட்டையும் குளிரையும் பிடித்து நிறுத்தும் பெட்டி. கிளைமேட் சேம்பர் இருந்தால் சிறப்பு. இல்லையென்றால் பிஐடி கன்ட்ரோலர் (வெப்பநிலையைத் தானாகச் சீராகப் பிடித்து வைப்பது) உள்ள லேப் ஓவன். குளிர் பக்கத்துக்கு ஐஸ் பேக் வைத்த தெர்மாகோல் பெட்டி. இரண்டிலும் உள்ளே காற்றைச் சுழற்ற ஒரு சின்ன ஃபேன் வேண்டும். ஃபேன் இல்லாத ஓவனில் மேலுக்கும் கீழுக்கும் பல டிகிரி வித்தியாசம் இருக்கும்.

• நியூமேடிக் ஹேண்ட் பம்ப், நுண் சரிசெய்யும் திருகோடு. எண்ணெயோ தண்ணீரோ வேண்டாம். குழாயில் உள்ள திரவம் சூட்டில் விரியும். உயர வேறுபாட்டுக்கும் தனியாகக் கணக்குப் போட வேண்டிவரும். 10 சென்டிமீட்டர் தண்ணீரே சுமார் 10 மில்லிபார்.

• 0.05% துல்லியமுள்ள டிஜிட்டல் ரெஃபரன்ஸ் கேஜ். சோதிக்கும் கருவியைவிடக் குறைந்தது நான்கு மடங்கு துல்லியம் வேண்டும் என்பது வழக்கம்.

• பெட்டிக்குள் போகும் குழாய் செம்பு, ஸ்டீல் அல்லது அழுத்தத்துக்கு ஏற்ற டெஃப்லான். சாதாரண பாலியூரித்தேன் டியூப் 60 டிகிரிக்கு மேல் இளகி, 10 பாரில் பிடுங்கிக்கொண்டு வரலாம்.

• 24 வோல்ட் நிலையான சப்ளை, 0.001 மில்லி ஆம்ப் வரை காட்டும் மீட்டர்.

• வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20 அல்லது பிடி100. ஹீட் சிங்க் பேஸ்ட். பஞ்சு அல்லது ஃபோம் உறை.

மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. விலையுயர்ந்த மீட்டர் இல்லையே என்று இந்த வேலையை விட்டுவிட வேண்டாம். நாம் தேடுவது வெப்பநிலையால் வரும் வேறுபாட்டை. ஒரே மீட்டர், ஒரே ரேஞ்ச், ஒரே அறைவெப்பம் என்று வைத்துக்கொண்டால் மீட்டரின் நிலையான பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். வேலைக்கு நடுவில் மீட்டரை மாற்றினால்தான் சிக்கல்.

மின்னோட்டத்தை 250 ஓம் மின்தடையில் விட்டு வோல்ட்டாக அளப்பவர்கள் அந்த மின்தடையைக் கவனிக்க வேண்டும். ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 100 பங்கு மாறும் மின்தடை 40 டிகிரி ஏறினால் ரீடிங்கில் 0.4% தவறு தரும். 25 பங்கு அல்லது அதற்கும் குறைவானதை வாங்குங்கள். மீட்டர், மின்தடை, ரெஃபரன்ஸ் கேஜ், பம்ப் எல்லாம் பெட்டிக்கு வெளியே. உள்ளே டிரான்ஸ்மிட்டர் மட்டும்.

4. வெப்பமானியை டிரான்ஸ்மிட்டர் உடம்பில் ஒட்டுங்கள்

ஓவனின் டிஸ்ப்ளே காட்டுவது காற்றின் வெப்பநிலை. பிழையை உண்டாக்குவது டயாஃப்ரத்துக்குப் பின்னால் உள்ள சிப்பின் வெப்பநிலை. இரண்டும் ஒன்றாக ஆக நேரம் பிடிக்கும்.

ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணப் பகுதிக்கு மேலே, டயாஃப்ரத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கத்தில், பேஸ்ட் தடவி வெப்பமானியைக் கட்டுங்கள். அதன்மேல் ஃபோம் சுற்றுங்கள். இல்லாவிட்டால் அது பாதி உலோகத்தையும் பாதி காற்றையும் அளக்கும். மூச்சுத் துளையை மூடிவிடாதீர்கள்.

பின்னால் களத்தில் பொருத்தும்போதும் வெப்பமானி இதே இடத்தில்தான் இருக்க வேண்டும். இடம் மாறினால் இப்போது எடுக்கும் எண்கள் அங்கே செல்லாது.

டிஎஸ்18பி20 சென்சாரின் துல்லியம் −10 முதல் 85 டிகிரி வரை ±0.5 டிகிரி. இது போதும். ஒரு டிகிரி தவறானாலும் நம் உதாரண டிரான்ஸ்மிட்டரில் ஜீரோவுக்கு 0.01% தான் பாதிப்பு. ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது: மின்சாரம் வந்தவுடன், முதல் அளவீடு முடியும் முன் படித்தால் 85 டிகிரி என்று சொல்லும். 12 பிட் அளவீட்டுக்கு 750 மில்லி செகண்ட் வரை ஆகும். அந்த 85-ஐ நம்பித் திருத்தினால், 25 டிகிரியில் இருக்கும் சென்சாருக்கு 60 டிகிரித் திருத்தம் விழும்.

5. ஓட்டத்துக்கு முந்தைய தயாரிப்பு

சப்ளை கொடுத்து அரை மணி நேரம் விடுங்கள். டிரான்ஸ்மிட்டர் தன் மின்சாரத்திலேயே சூடாகும். 24 வோல்ட்டில் 20 மில்லி ஆம்ப் என்றால் சுமார் அரை வாட். அந்தச் சூடு நிலைக்கும் முன் எடுத்த ஜீரோ பிறகு நகரும்.

அடுத்து 0-விலிருந்து 10 பாருக்கும் மறுபடி 0-வுக்கும் மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். நெடுநாள் சும்மா கிடந்த டயாஃப்ரமும் சீல்களும் முதல் ஏற்றத்தில் ஒரு மாதிரியும் பிறகு வேறு மாதிரியும் நடந்துகொள்ளும்.

பிறகு கசிவுச் சோதனை. 10 பார் ஏற்றி நிறுத்தியதும் அழுத்தம் கொஞ்சம் இறங்கும். பம்ப் அடிக்கும்போது சூடான காற்று ஆறுவதால் வரும் இறக்கம் அது. கசிவு என்று நினைத்து எல்லா நட்டையும் முறுக்கத் தொடங்க வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். அதன் பிறகும் ஒரே சீராக இறங்கினால்தான் கசிவு.

டிரான்ஸ்மிட்டரை இறுக்கும் விசையையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் உடம்பு நெரிந்து ஜீரோ நகரும். சோதனை முடியும்வரை அந்த இணைப்பைத் தொடக் கூடாது.

6. வெப்பநிலை வரிசை: 25, 5, 25, 45, 65, 25

நடுவிலும் கடைசியிலும் 25-க்குத் திரும்பி வருவது வீண்வேலை போலத் தோன்றும். குளிருக்கும் சூட்டுக்கும் போய்வந்த சென்சார் பழைய ஜீரோவுக்கே திரும்புகிறதா என்பதை வேறு எப்படியும் அறிய முடியாது. திரும்பாத அந்த மிச்சம்தான் வெப்ப ஹிஸ்டெரிசிஸ். எந்தச் சூத்திரத்தாலும் அதைத் திருத்த முடியாது. ஆகவே உங்கள் இறுதித் துல்லியத்தின் அடித்தளம் அதுவே.

நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு டிகிரிக்கு மேல் வேகமாக மாற்றாதீர்கள். சிப்பில் நான்கு மின்தடைகள் பாலம் போல இணைந்திருக்கின்றன. நான்கும் ஒரே சூட்டில் இருந்தால்தான் அவற்றின் மாற்றங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டும். ஒரு பக்கம் முதலில் சூடானால் அந்தச் சமநிலை குலைந்து, நிலைத்த பின் காணாமல் போகும் ஒரு போலிப் பிழை வரும்.

ஒவ்வொரு வெப்பநிலையிலும் எவ்வளவு நேரம் காத்திருப்பது? ஸ்டீல் உடம்புள்ள டிரான்ஸ்மிட்டருக்கு 45 முதல் 60 நிமிடம் ஆகும். ஆனால் கடிகாரத்தை நம்ப வேண்டாம். வென்ட்டைத் திறந்து வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஜீரோவை எழுதுங்கள். தொடர்ந்து மூன்று ரீடிங் 0.002 மில்லி ஆம்ப்புக்குள் இருந்தால் நிலைத்துவிட்டது. இந்தப் பொறுமை இல்லாததால்தான் பெரும்பாலான வெப்பநிலைச் சோதனைகள் கெட்டுப்போகின்றன.

குளிர்ந்த பெட்டியைத் திறக்கும்போது ஈரம் படியும். மூச்சுத் துளை வழியாக ஈரம் உள்ளே போனால் மின்கசிவால் ரீடிங் தாறுமாறாக ஆடும். பெட்டிக்குள் சிலிகா ஜெல் போடுங்கள். 5 டிகிரியிலிருந்து 25-க்கு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.

7. ஒவ்வொரு வெப்பநிலையிலும் அளக்கும் முறை

0, 2.5, 5, 7.5, 10 என்று ஏறி, அதே புள்ளிகளில் இறங்கி வாருங்கள். ஏறும்போது புள்ளியைத் தாண்டிவிட்டால் இறக்கிப் பிடிக்கக் கூடாது. கீழே போய் மறுபடி ஏறி வர வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றத்தின் ரீடிங்கும் இறக்கத்தின் ரீடிங்கும் கலந்துவிடும்.

ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நிமிடம் நின்று, ரெஃபரன்ஸ் கேஜையும் மில்லி ஆம்ப்பையும் உடம்பு வெப்பநிலையையும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். "5 பார் வைத்தேன்" என்று எழுதாமல், கேஜ் காட்டிய 5.003-ஐ எழுதுங்கள். அடைத்து வைத்த காற்று ஓவனுக்குள் சூடாகி அழுத்தத்தைச் சற்று நகர்த்திக்கொண்டே இருக்கும். காலையில் 5 பார் ஏற்றி வால்வை மூடிவிட்டு ஓவனை மட்டும் சூடேற்றினால், அளப்பது காற்றின் விரிவைத்தான்.

8. ஜீரோவையும் ஸ்பானையும் பிரிப்பது

ஓர் உதாரணக் கணக்கு. ஏற்ற இறக்கச் சராசரி இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

25 டிகிரி: 0 பாரில் 4.006, 10 பாரில் 20.010 மில்லி ஆம்ப்.
65 டிகிரி: 0 பாரில் 4.070, 10 பாரில் 19.990 மில்லி ஆம்ப்.

ஜீரோ 0.064 மில்லி ஆம்ப் ஏறியிருக்கிறது. 4-லிருந்து 20 வரை உள்ள 16-ஆல் வகுத்தால் ஃபுல் ஸ்கேலில் 0.4%, ஒரு டிகிரிக்கு 0.01%.

ஸ்பான் என்பது மேல் ரீடிங்கில் ஜீரோவைக் கழித்தது: 25 டிகிரியில் 16.004, 65 டிகிரியில் 15.920. அதாவது 0.084 குறைந்திருக்கிறது, சுமார் 0.52%.

இப்போது 10 பார் ரீடிங்கை மட்டும் பாருங்கள். 20.010 என்பது 19.990 ஆகியிருக்கிறது, வெறும் 0.02 மில்லி ஆம்ப், 0.125%. ஜீரோ ஏறியதும் ஸ்பான் சுருங்கியதும் மேல்முனையில் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. உச்ச அழுத்தத்தில் மட்டும் சோதிப்பவர் "சூட்டில் அருமையாக நிற்கிறது" என்று சான்றிதழ் எழுதிவிடுவார். அதே டிரான்ஸ்மிட்டர் 1 பாரில் 0.03 பாருக்கு மேல் கூட்டிக் காட்டும். ஒரே புள்ளியில் வெப்பநிலைச் சோதனை செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

சூட்டில் ஸ்பான் சுருங்குவது சிலிக்கானின் இயல்பு. நிலையான வோல்ட்டேஜ் கொடுத்த, ஈடுசெய்யாத சிப்பில் உணர்திறன் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.2% குறையும். டிரான்ஸ்மிட்டரில் நாம் காண்பது தயாரிப்பாளர் ஈடுசெய்தது போக மிஞ்சியதை. ஜீரோ அப்படி இல்லை. நான்கு மின்தடைகளின் சிறு வேறுபாடு, சிப்பை ஒட்டிய பசை, உள்ளே நிரப்பிய சிலிகான் எண்ணெயின் விரிவு எல்லாம் சேர்ந்து வருவதால், அது ஒவ்வொரு சென்சாரிலும் ஒவ்வொரு திசையில் போகும். ஒரே பெட்டியில் வந்த இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள்கூட எதிரெதிராக நகரலாம். ஒன்றின் எண்ணை மற்றொன்றுக்குப் போடக் கூடாது.

9. திருத்தச் சூத்திரம்

வெப்பநிலை வேறுபாடு = உடம்பு வெப்பநிலை − 25

ஜீரோ = 4.006 + 0.0016 × வெப்பநிலை வேறுபாடு

சரிவு = 1.6004 − 0.00021 × வெப்பநிலை வேறுபாடு

அழுத்தம் = (மின்னோட்டம் − ஜீரோ) ÷ சரிவு

0.0016 என்பது 0.064-ஐ 40-ஆல் வகுத்தது. சரிவு என்பது ஒரு பாருக்கு எத்தனை மில்லி ஆம்ப் என்பது, 1.6004-லிருந்து 1.5920-க்கு 40 டிகிரியில் இறங்கியதால் 0.00021.

சோதித்துப் பார்ப்போம். 65 டிகிரியில் 12.030 மில்லி ஆம்ப் வருகிறது. ஜீரோ 4.070, சரிவு 1.592. ஆகவே 7.960 ÷ 1.592 = 5.000 பார். திருத்தாமல் வழக்கமான 4–20 கணக்குப் போட்டால் 5.019 வரும்.

வரிசை முக்கியம். முதலில் ஜீரோவைக் கழித்து, பிறகு சரிவால் வகுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஜீரோ பிழையும் ஸ்பான் திருத்தத்தால் பெருக்கப்படும்.

பிஎல்சியில் (ஆலைக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் கணினி) எழுதும்போது 0.00021 போன்ற சின்ன எண்ணை முழுஎண் வகையில் வைத்தால் அது 0 ஆகிவிடும். ரியல் (தசம எண்) வகையில் வையுங்கள். வெப்பநிலை ரீடிங் அறுந்தாலோ வரம்புக்கு வெளியே போனாலோ கடைசியாகக் கிடைத்த நல்ல எண்ணைப் பிடித்துக்கொண்டு அலாரம் கொடுக்கும்படி எழுதுங்கள்.

நேர்கோடு போதுமா? 5 டிகிரியில் அளந்த ஜீரோ 3.969 என்று வந்தால், சூத்திரம் சொல்வது 3.974. வித்தியாசம் 0.005 மில்லி ஆம்ப், 0.03%. 0.25% டிரான்ஸ்மிட்டருக்கு இது பெரிதல்ல, விட்டுவிடலாம். வித்தியாசம் 0.1%-ஐத் தாண்டினால் வெப்பநிலையின் வர்க்கத்தையும் சேருங்கள். எந்த மூன்று புள்ளிகள் வழியேயும் ஒரு வர்க்க வளைகோட்டைக் கச்சிதமாகப் போட்டுவிடலாம் என்பதால், வர்க்கம் சேர்த்தால் நான்காவது வெப்பநிலை கட்டாயம். அளந்த வரம்புக்கு வெளியே வளைகோட்டை ஒருபோதும் நம்பாதீர்கள்.

10. டிஜிட்டல் சென்சார்களில்

பிஎம்பி280, எம்எஸ்5611 போன்றவற்றில் தொழிற்சாலையிலேயே எடுத்த திருத்த எண்கள் சிப்புக்குள் இருக்கின்றன. இங்கே வரும் தவறுகள் வேறு.

பிஎம்பி280-இல் அழுத்தக் கணக்குக்கு வெப்பநிலைக் கணக்கின் இடைவிடை தேவை. வெப்பநிலையைப் படிக்காமல் அழுத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கும் நிரல் பழைய வெப்பநிலையை வைத்தே திருத்திக்கொண்டிருக்கும். எம்எஸ்5611-இல் 20 டிகிரிக்குக் கீழே இரண்டாம் நிலைத் திருத்தம் உண்டு. இணையத்தில் கிடைக்கும் பல நிரல்களில் அது விடுபட்டிருக்கும். நம் ஊர்ப் பகலில் தெரியாது, ஊட்டியில் தெரியும்.

வைஃபை சிப்புக்கும் ரெகுலேட்டருக்கும் பக்கத்தில் சென்சாரைச் சாலிடர் செய்தால் அந்தச் சூடு நேராக ஏறும். பிஎம்பி280-இன் ஜீரோ நகர்வு ஒரு டிகிரிக்கு ±1.5 பாஸ்கல், உயரமாக மாற்றினால் சுமார் 12.6 சென்டிமீட்டர். உயரம் அளப்பவர்களுக்கு இது பெரிய எண். துளையில் நேரடி வெயில் விழுந்தாலும் சிலிக்கானில் ஒளியால் மின்னோட்டம் உண்டாகி ரீடிங் நகரும். மேலே கறுப்பு ஃபோம் வைத்தால் போதும்.

0.5–4.5 வோல்ட் தரும் மலிவுச் சென்சார்கள் சப்ளைக்கு விகிதமாக வேலை செய்பவை. சூட்டில் 5 வோல்ட் 1% இறங்கினால் ரீடிங்கும் 1% இறங்கும். ஏடிசியின் (வோல்ட்டை எண்ணாக மாற்றும் சிப்) ரெஃபரன்ஸும் அதே 5 வோல்ட்டாக இருந்தால் இரண்டும் கழிந்துவிடும். ஏடிஎஸ்1115 என்ற ஏடிசி தன் உள் ரெஃபரன்ஸை வைத்து அளப்பதால் கழியாது. அதன் இன்னொரு சேனலில் சப்ளையையும் அளந்து வகுத்துக்கொள்ளுங்கள்.

11. சரிபார்ப்பு

திருத்தத்தை ஏற்றிய பின் 55 டிகிரியில் ஒரு சுற்று ஓட்டுங்கள். சூத்திரம் உண்டாக்கப் பயன்படுத்திய வெப்பநிலைகளிலேயே சோதித்தால் நன்றாகத்தான் வரும். அது சோதனை ஆகாது. 55 டிகிரியில் ஜீரோ 4.054, சரிவு 1.5941 என்று சூத்திரம் சொல்லும். ஐந்து புள்ளிகளிலும் ரெஃபரன்ஸ் கேஜோடு ஒப்பிடுங்கள்.

கடைசி 25 டிகிரியில் ஜீரோ 4.012 என்று நின்றால், முதலில் இருந்த 4.006-லிருந்து 0.006 நகர்ந்திருக்கிறது; சுமார் 0.04%. இது ஹிஸ்டெரிசிஸ் கணக்கு. 0.2%-ஐத் தாண்டினால் அந்தச் சென்சாரைத் திருத்த முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

12. பொருத்தும் இடம்

திருத்துவதைவிடச் சூட்டைத் தடுப்பது எளிது. 10 பார் கேஜில் நிறைநீராவி சுமார் 184 டிகிரி. நேராக மாட்டினால் சாதாரண டிரான்ஸ்மிட்டர் தாங்காது. நடுவில் பிக்டெயில் சைஃபன் (தண்ணீர் தேங்கும் சுருள் குழாய்) போட்டு, வால்வைத் திறக்கும் முன்பே அதில் தண்ணீர் நிரப்புங்கள். தானாக நீராவி ஆறி நிரம்பட்டும் என்று விட்டால் முதல் சில வினாடிகளில் டயாஃப்ரத்தில் நீராவி அடித்துவிடும்.

டிரான்ஸ்மிட்டரைக் கீழே இறக்கி நீண்ட குழாயில் மாட்டினால் தண்ணீர்த் தூண் கணக்கில் சேரும். 2 மீட்டர் இறக்கத்துக்கு சுமார் 0.2 பார். இது வெப்பநிலைப் பிழை இல்லை. களத்தில் ஒரே முறை கழித்துவிடலாம்.

மொட்டைமாடியிலும் திறந்தவெளியிலும் தகட்டு நிழல் போதும். தகட்டுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவே காற்று ஓட நான்கு விரல் இடைவெளி விடுங்கள். ஒட்டிப் பொருத்தினால் தகட்டின் சூடு உள்ளே இறங்கும். எண்ணெய் நிரப்பிய மெல்லிய கேபிலரி குழாய்களோடு வரும் ரிமோட் சீல் டிரான்ஸ்மிட்டரில் இரண்டு குழாய்களையும் சம நீளமாக வாங்கி, இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே பக்கமாகக் கொண்டுபோங்கள். ஒன்று வெயிலிலும் ஒன்று நிழலிலும் கிடந்தால் எண்ணெயின் விரிவு இரண்டு பக்கமும் வேறுபட்டு ஜீரோ தினமும் சூரியனோடு நகரும்.

ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரின் திருத்த எண்களையும் அதன் சீரியல் எண்ணோடு எழுதி, உடம்பிலேயே ஒரு உலோகத் தகட்டில் மாட்டிவிடுங்கள். அவசரத்தில் டிரான்ஸ்மிட்டரை மாற்றுபவர் பிஎல்சியில் பழைய எண்களை அப்படியே விட்டுவிடுவார். புதியது திருத்தமே இல்லாததைவிட மோசமாகக் காட்டும். எண்களை எடுக்க நேரமில்லை என்றால், இரண்டு குணகங்களையும் (0.0016, 0.00021 இருந்த இடங்கள்) 0 என்றும், ஜீரோவை 4.000, சரிவை 1.6000 என்றும் வைத்துவிட்டு ஓட்டத் தொடங்குங்கள்.